தேவானந்தத்தின் குரலில் ஒரு ராஜா

ஆம்பூரில் பைபாஸை ஒட்டியிருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் தேவானந்தம் மூன்றாவது லைனுக்கு சூப்பர்வைசர். அது சம்பளச் சீட்டில் இருக்கிற பெயர். அவர் நடந்து வருகிற தோரணையைப் பார்த்தால், கம்பெனிக் கூரையையே அவர்தான் தோளில் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர், ஆளுக்கு முன்னால் முந்திக்கொண்டு வருகிற முகவாய். தையல் மிஷின்களுக்கு நடுவே அவர் வந்தால் பேச்சு தானாக நின்றுவிடும். அதை மரியாதை என்று அவர் பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தார்.

மனிதரைக் குறை சொல்வதற்கு முன்னால் அவர் வந்த வழியையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் ஈரத்தோல் சுமந்தவர். அந்த வாடை வீட்டுப் பாயில், துணியில், பள்ளிக்கூடப் பையில் எல்லாம் இருந்தது. ஏழாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். இனி ஒருத்தனும் தன்னைப் பார்த்து மூக்கைப் பொத்தக் கூடாது என்று தேவானந்தம் அன்றைக்கு முடிவு செய்தார். பசை தடவுகிற ஹெல்பராகக் கம்பெனிக்குள் நுழைந்து, ஒவ்வொரு மிஷினையும் கற்றுக்கொண்டு மேலே வந்தார். நியாயமான ரோஷம்தான். ஆனால் மூக்கைப் பொத்தினவனிடம் காட்ட வேண்டியதைத் தனக்குக் கீழே உட்கார்ந்து தைக்கிற பெண்களிடம் காட்டினார் பாருங்கள், அங்கேதான் அவர் மேல் கோபம் வருகிறது.

ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்பார்கள். தைத்த அப்பரில் குறை இருந்தால், அந்த இடத்தைக் காட்ட சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவது வழக்கம். ஒருநாள் முத்துமாரி என்கிற பெண்ணின் ஜோடியில் தையல் கோணிப் போயிருந்தது. தேவானந்தம் ஸ்டிக்கரை அப்பரில் ஒட்டவில்லை. அவள் தோளில் ஒட்டினார்.

“டிஃபெக்ட் இங்கதாமா இருக்குது,” என்றார்.

மத்தியானம் வரை அதோடேயே அவள் தைத்துக்கொண்டிருந்தாள். பிய்த்துப் போடலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை.

அவருக்கென்று ஒரு பேச்சு உண்டு. “இன்னா இது? இது இன்னா?” என்று ஒரே கேள்வியை முன்னும் பின்னுமாகக் கேட்பார். முதல் பாதி மெதுவாக வரும், இரண்டாம் பாதி கன்னத்தில் அறைகிற மாதிரி வரும். லைனில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இந்த மனிதர் வீட்டுக்குப் போனால் வேறு ஆளாகிவிடுவார். அதட்டல் இருக்காது, பேச்சே இருக்காது. மகள் ஜெனிஃபாவுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். சத்தம், வெளிச்சம், யாராவது தொடுவது எல்லாமே அவளுக்குத் தொந்தரவு. எல்லாவற்றையும் விடப் பெரிய தொந்தரவு சோறு. கரண்டி வாய்க்குப் பக்கத்தில் வந்தால் பீரோவுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற சந்தில் போய் நுழைந்துகொள்வாள். மனைவி ஜெயபுஷ்பம் ஒரு நர்சிங் ஹோமில் நர்ஸாக இருந்தவள், மகளுக்காக வேலையை விட்டுவிட்டாள். ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவள்தான். தேவானந்தம் ஹாலில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார். மகள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. சரிசெய்ய முடியாத ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஜெனிஃபாவுக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு காய்ச்சலுக்குப் பிறகு சாப்பாட்டைச் சுத்தமாக விட்டுவிட்டாள். மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதாயிற்று. அதை அவள் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள், ரத்தம் வந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை, பிள்ளை பிழைத்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் பல மாதம் அவள் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். கட்டு இல்லாமலே கட்டுப்பட்டுக் கிடந்த அந்தக் கைகளைப் பார்த்து தேவானந்தம் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். இன்னொரு தரம் இது நடக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் கர்த்தரிடம் அதற்கப்புறம் கேட்டது.

அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது ஒரு பொம்மைப் படம் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஊரில் கேபிள் நடத்துகிற மக்பூல் அகமது தன் லோக்கல் சேனலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கென்று படம் போடுவார். எந்தெந்த தேசத்துப் பொம்மைப் படத்தையோ பிடித்துவந்து, கடைக்குப் பின்னால் இருக்கும் ரூமில் உள்ளூர்ப் பையன்களை வைத்துத் தமிழில் பேசவைத்து ஓட்டுவார். அப்படி வந்ததுதான் அந்த ராஜா படம்.

கர்வம் பிடித்த ஒரு ராஜா. அவன் ஒவ்வொரு உத்தரவு போடும்போதும் தலையில் இருக்கும் கிரீடம் ஒரு சாண் வளரும். கழற்றவும் வராது. கிரீடம் இடிக்கிறதென்று அரண்மனைக் கதவையெல்லாம் உயர்த்திக் கட்டச் சொல்வான், அது ஒரு உத்தரவு, கிரீடம் இன்னும் வளரும். கடைசியில் சாப்பாட்டு மண்டபத்துக்குள்ளேயே அவனால் நுழைய முடியாது. பட்டினியோடு ஊர் ஊராக அலைவான். எந்த வீட்டு வாசலும் அவனுக்குப் போதாது. மழையில் ஒரு ஆடு மேய்க்கிற பெண்ணின் குடிசைக்கு வருவான். இடுப்பளவு வாசல். வேறு கதியில்லாமல் மண்டியிட்டுத் தலையைக் குனிவான், கிரீடம் கழன்று சேற்றில் விழும். நீ யார் என்று அந்தப் பெண் கேட்பாள். ராஜா என்று சொல்ல மாட்டான். “பசிக்குது, தாயி” என்பான். அவள் களியைப் பிட்டு நீட்டுவாள். ராஜா வாயைத் திறப்பான்.

ராஜா வாயைத் திறக்கும்போது ஜெனிஃபாவும் வாயைத் திறந்தாள். முதல் ஞாயிற்றுக்கிழமை ஜெயபுஷ்பம் கையில் இருந்த சோற்றை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டாள். மறுநாளே மக்பூல் பாயிடம் போய்க் கேட்டாள். அவர் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று வேளையும் அந்தப் படம்தான். டீவியில் ராஜா வாய் திறந்தால் ஒரு கவளம், மறுபடி ஓட்டினால் இன்னொரு கவளம். ஜெனிஃபாவின் கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. தேவானந்தம் அந்த நேரத்தில் கம்பெனியில் இருப்பார், அல்லது ஹாலில் பேனுக்கடியில் இருப்பார். டீவி உள்ரூமில், ஜெனிஃபாவுக்காகச் சத்தத்தைக் குறைத்துத்தான் ஓடும். ஏதோ கார்ட்டூன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

கம்பெனி கேன்டீனில் ஒருநாள் யாரோ போனில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு கூட்டமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தேவானந்தம் பின்னால் வந்து நின்றது அவர்களுக்குத் தெரியவில்லை.

“இன்னா இது? இது இன்னா?” என்றான் போனில் இருந்த ராஜா. “நான் வர்றேன், கதவு குனிஞ்சிக்கினு நிக்குது? நிமிந்து நில்லுங்க எல்லாரும்.”

அது அவருடைய குரல். மூச்சு விடுகிற இடம், மூக்கால் இழுக்கிற இழுப்பு, எல்லாம் அவர். முத்துமாரி வாயில் சோற்றோடு சிரித்துக்கொண்டிருந்தாள். ராஜாவுக்குப் பேசினவன் அவருடைய பக்கத்து செக்‌ஷனில் தோல் கட்டிங் செய்கிற வேலாயுதம். ஆறு மாதமாக ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது.

சாயங்காலத்துக்குள் வேலாயுதத்தின் வேலை போயிற்று. சூப்பர்வைசர் நினைத்தால் அதற்கு ஒரு காரணம் கிடைக்காமல் போகாது. அங்கிருந்து நேராக மக்பூல் பாயின் கடைக்குப் போய்க் கத்தினார். போலீஸ், கேஸ் என்று மிரட்டினார். பாய் சண்டைக்கு ஆள் இல்லை, அவர் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் இருந்த படத்தை அழித்தார். கேன்டீனில் போன் வைத்திருந்தவனும் அடுத்த நாளே பயந்துபோய் அழித்துவிட்டான். வீட்டுக்கு வந்தால் உள்ரூம் டீவியிலும் அதே ராஜா பேசிக்கொண்டிருந்தான். தேவானந்தம் டீவியில் சொருகியிருந்த பென்டிரைவைப் பிடுங்கி, தரையில் போட்டு, ஷூ குதிகாலால் மிதித்தார்.

ஜெயபுஷ்பம் குறுக்கே விழுந்து தடுத்துப் பார்த்தாள். “அது படம் இல்லீங்க,” என்றாள். “அது சோறு.”

அவர் காதில் அது விழவில்லை. தன் வீட்டிலேயே தன்னைக் கிண்டல் செய்து மூன்று வேளையும் நாடகம் நடந்திருக்கிறது என்பதுதான் அவர் தலையில் சுற்றிக்கொண்டிருந்தது. இது நடந்தது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கே ஜெனிஃபா வாயைத் திறக்கவில்லை. டீவிக்கு முன்னால் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிறும் அப்படியே போனது. பிறகு எழுந்து பீரோ சந்துக்குள் போய்விட்டாள். பச்சை டம்ளரில் வைத்த உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மட்டும் யாரும் பார்க்காதபோது கொஞ்சம் குடித்தாள்.

தேவானந்தம் பசித்தால் தானே சாப்பிடும் என்றார். திங்கட்கிழமை வேறு பொம்மைப் படங்களை இறக்கிக் கொடுத்தார். ஒன்றில் சிங்க ராஜா, ஒன்றில் யாரையும் மதிக்காத ராணி. எத்தனையோ கர்வக்காரர்கள் எத்தனையோ பாஷையில் திருந்தினார்கள், அவருடைய மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அதே ராஜா படம் ஒரு ஆப்பில் ஒழுங்கான தமிழிலேயே இருப்பதைக் கண்டுபிடித்து சந்தோஷமாக ஓடி வந்தார். படம் பளிச்சென்று இருந்தது. அதில் ராஜாவுக்கு யாரோ சென்னைக்காரர் கம்பீரமாகப் பேசியிருந்தார். ஜெனிஃபா சந்திலிருந்து தலையை நீட்டினாள், கொஞ்ச நேரம் கேட்டாள், காதைப் பொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பொறுமையாகப் பரிசோதித்தார். “வியாழக்கிழமை காலைல வரைக்கும் பாருங்க. ஏதாவது சாப்ட ஆரம்பிச்சா நல்லது. இல்லன்னா அட்மிட் பண்ணிடலாம். டியூப் போட்டுத்தான் ஆகணும், இனிமே தள்ளிப்போட முடியாது,” என்றார்.

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஜெயபுஷ்பம் மகளின் மணிக்கட்டுகளைத் தன் முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொண்டிருந்தாள். தேவானந்தத்துக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வைத்த தட்டை அப்படியே தள்ளி வைத்தார். டீயை மட்டும் குடித்துக்கொண்டு திரிந்தார்.

புதன்கிழமை மத்தியானம் லீவு போட்டுவிட்டு மக்பூல் பாயின் கடைக்குப் போனார். போன வாரம் கத்தின அதே இடத்தில் போய் நிற்க அவருக்குக் கால் கூசியது.

“பாய், ஒரு காப்பி எங்கயாவது இருக்குமா? யார் கிட்டயாவது?”

“இல்ல சார். ஒங்க முன்னாடிதானே அழிச்சேன்,” என்றார் மக்பூல். அவர் குரலில் குத்தல் இல்லை. “பாப்பா சாப்டலயா?”

“சாப்டல.”

பாய் கடையைச் சாத்தச் சொல்லிவிட்டுத் தானே வண்டியை எடுத்தார். “வேலாயுதம் வூட்டுக்குப் போலாம் வாங்க. மறுபடி பேசி எடுத்துக் குடுக்கட்டும். படம் கெடைக்கும், கொரல்தானே வேணும்.”

வேலாயுதம் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு லைன் வீட்டில் இருந்தான். வாசலில் இரட்டை ஸ்பீக்கர் கட்டின ஆட்டோ நின்றது. தேவானந்தத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான், பழக்க தோஷம். வந்த விஷயத்தை மக்பூல்தான் சொன்னார். தேவானந்தம் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வெளியே வரவில்லை. “நீ பேசிக் குடுத்துடு. உடனே வேணும்,” என்றுதான் வந்தது. சொன்ன பிறகு அவருக்கே கேவலமாக இருந்தது.

வேலாயுதம் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. காகிதத்தைக் கசக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

“தொண்ட போச்சு சார். போன தபா படத்துக்குப் பேசினப்பவே கொஞ்சம் கம்மல் இருந்துச்சு. வேல போனதும் இந்த ஆட்டோவுல அனவுன்ஸ்மென்ட்டுக்குப் போனேன். நாலு நாளா தள்ளுபடி, திறப்பு விழா, காரியம்னு கத்திக்கினே இருந்தேன். பேசவே கூடாதுன்றாங்க இப்ப.”

அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. தேவானந்தம் ஆட்டோவின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டார். தன் மகளின் சோற்றை இரண்டு இடத்தில் மிதித்திருக்கிறோம், ஒன்று வீட்டுத் தரையில், இன்னொன்று இந்த மனிதனின் தொண்டையில் என்று அப்போதுதான் புரிந்தது.

“நீங்களே பேசுங்க சார்,” என்றான் வேலாயுதம், கஷ்டப்பட்டு. “அது ஒங்க கொரல்தானே. அந்த ராஜா பேசறதெல்லாம் நீங்க லைன்ல பேசறது. நான் ஒண்ணும் சொந்தமா சேக்கல.”

“அந்தக் கடைசி எடம்?”

வேலாயுதம் தொண்டையைத் தடவிக்கொண்டான். “அந்த எடத்துக்குத்தான் பேஜாரா போச்சு சார். மத்த எல்லாத்துக்கும் ஒங்க கொரல் ஞாபகத்துல இருந்துச்சு. அதுக்கு மட்டும் இல்ல. நீங்க யாரு கிட்டயும் அப்பிடிப் பேசி நான் கேட்டதே இல்ல.”

“அப்புறம் எப்பிடிப் பேசின?”

“நீங்க பேசினா எப்பிடி இருக்கும்னு நெனச்சிப் பாத்தேன். அவ்ளோதான்.”

தேவானந்தம் பாயின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மக்பூல் வண்டியில் திரும்பி வரும்போது பாலாற்றுப் பாலத்துக் காற்று கண்ணில் மணலை அடித்தது. அதற்காகத்தான் கண்ணைத் துடைக்கிறார் என்று பாய் நினைத்துக்கொண்டால் நல்லது என்றிருந்தது.

வேலாயுதம் வீட்டில் நடந்ததை வந்து ஜெயபுஷ்பத்திடம் சொன்னார். அவள் பல நாளாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

“ஒங்க கொரல்னு எனக்கு மொத நாளே தெரியும். ஜெனிக்கும் தெரியும். அவ ராஜாவப் பாக்கலீங்க. நீங்க வூட்ல அவ கிட்ட ஒரு வார்த்த பேசறது கெடையாது. அப்பா கொரல் டீவில கேட்டுச்சு, அதத்தான் ஒக்காந்து கேட்டுக்கினு இருந்தா.”

அன்று சாயங்காலம் அவர் பீரோ சந்துக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். “இன்னா இது? இது இன்னா?” என்று ஆரம்பித்தார். உத்தரவு போடுகிற பகுதி தண்ணீர்பட்ட பாடாக வந்தது, ஒத்திகையே தேவைப்படவில்லை. சந்துக்குள் அசைவு தெரிந்தது. ஒரு கண் தெரிந்தது. பிறகு முகம் முழுவதும் தெரிந்தது, உலர்ந்து வெடித்த உதடுகளோடு.

“பசிக்குது,” என்றார்.

ஜெனிஃபா பின்வாங்கினாள்.

“அதிகாரமா கேக்கறீங்க,” என்றாள் ஜெயபுஷ்பம் பின்னாலிருந்து.

மறுபடி சொன்னார். மெதுவாகச் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிச் சொல்லிப் பார்த்தார், அழுகிற மாதிரி சொல்லிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மிஷினுக்கு எண்ணெய் விடச் சொல்கிற தோரணை எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது. ஊரையே அடக்கின குரலுக்கு இந்த ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் குரலும் மங்கிவிட்டது, மகளும் சந்துக்குள் ஆழமாகப் போய்விட்டாள். ஜெயபுஷ்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையை எடுத்து மகளின் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

வியாழக்கிழமை காலையில் கம்பெனிக்கு ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருகிற நாள். மேனேஜர் பரணிதரன் போனில், “நீங்க வந்து லைன ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு உடனே கெளம்பிடுங்க தேவானந்தம், இன்னிக்கு ஒரு நாள் எனக்காக,” என்றார். கார் வீட்டுக்கு வந்ததும் ஜெயபுஷ்பம் மகளைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கு வருவாள், அங்கிருந்து வேலூருக்குப் போவது என்று பேச்சு. தேவானந்தம் போனார். சட்டைக்குக் கஞ்சி போட்டிருக்கவில்லை. லைனில் மிஷின்கள் ஓட ஆரம்பித்தபோது காலுக்குக் கீழே தரை லேசாக ஆடியது. மிஷின் ஆட்டமா தன் ஆட்டமா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

போன் அடித்தது. வீடியோ கால். ஜெயபுஷ்பத்தின் முகம் தெரிந்தது, தலைகூட வாரவில்லை.

“கார் வந்து நிக்குது. சந்துல இருந்து வரமாட்டேன்றா. இழுத்தா தலைய செவுத்துல முட்டிக்கிறா. கடைசியா ஒரு தரம் பேசிப் பாருங்க. சாதமும் கைல வெச்சிருக்கேன்.”

“லைன்ல இருக்கேன் புஷ்பா.”

“இருந்தா இருங்க.”

போனைச் சந்துக்குள் நீட்டினாள் போலிருக்கிறது. இருட்டு தெரிந்தது, பிறகு இருட்டுக்குள் ஜெனிஃபாவின் நெற்றி தெரிந்தது. முட்டின இடம் சிவந்திருந்தது. அவள் இரண்டு மணிக்கட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்திருந்தாள்.

தேவானந்தம் சுற்றிலும் பார்த்தார். லைன் முழுக்க ஆள். வெளியே போய்ப் பேச நேரம் இல்லை, மிஷின் சத்தத்தில் மெதுவாகப் பேசினாலும் கேட்காது. அவர் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு ஆரம்பித்தார்.

“இன்னா இது? இது இன்னா? நான் வர்றேன், கதவு குனிஞ்சிக்கினு நிக்குது? நிமிந்து நில்லுங்க எல்லாரும்.”

லைனில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள், பாவம். கேன்டீனில் படத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அது ராஜாவின் வசனம் என்று உறைத்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு பேர் சிரித்தார்கள். தேவானந்தத்தின் காதில் அது விழுந்தது, அவர் நிறுத்தவில்லை. ராஜா கதவுகளைத் திட்டுகிற இடம், சமையல்காரனை விரட்டுகிற இடம், மழையைப் பார்த்து நிற்கச் சொல்கிற இடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். போனில் இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தது.

குடிசை வாசல் வந்தது. படத்தில் ராஜா மண்டியிடுகிற இடம். தேவானந்தம் மண்டியிட நினைத்தாரா, கால் தானாக மடங்கியதா என்பது அவருக்கே தெரியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து வெறும் டீயில் நின்ற உடம்பு. இரண்டு மிஷின்களுக்கு நடுவே, தோல் துண்டும் நூலும் சிதறிக் கிடந்த தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை மட்டும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“பசிக்குது,” என்றார்.

அது எந்தத் தோரணையிலும் வரவில்லை. அவருக்கு நிஜமாகவே பசித்தது. மகள் பட்டினி கிடக்கிறாள், தானும் பட்டினி, தன் கையால் தானே அதைச் செய்தோம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது. “பசிக்குது, தாயி.”

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

பக்கத்து மிஷினில் இருந்தவள் முத்துமாரி. அவளுக்கு வசனம் தெரியும், கேன்டீனில் அதைக் கேட்டுச் சிரித்தவள்தான். ஆனால் தரையில் உட்கார்ந்திருந்த ஆளின் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குப் படம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு மனிதன் பசிக்கிறது என்கிறான், அவ்வளவுதான் அவளுக்குக் கேட்டது. மிஷினுக்கு அடியில் இருந்த டிபன் பாக்ஸை இழுத்துத் திறந்தாள். எலுமிச்சஞ்சாதம். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒரு உருண்டை பிடித்து, அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“சாப்டுங்க சார்,” என்றாள்.

தேவானந்தம் அவளைப் பார்த்தார். இவள் தோளில்தான் அவர் ஸ்டிக்கரை ஒட்டி, லைன் முழுக்கப் பார்க்கக் கேவலப்படுத்தியிருந்தார். தலையைக் குனிந்தார். வாயைத் திறந்தார்.

புளிப்பு நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மெல்ல முடியாமல் மென்றார். கன்வேயருக்கு அந்தப் பக்கம் மேனேஜர் பரணிதரன் பையர்களோடு வந்து நிற்பது தெரிந்தது. சட்டை பாக்கெட்டில் சோறு சிந்தியிருந்தது. எதையும் சரிசெய்துகொள்ள அவர் கை போகவில்லை, ஒரு கையில் போன் இருந்தது, இன்னொரு கை தரையில் ஊன்றியிருந்தது.

போனில் இருந்து ஜெயபுஷ்பத்தின் குரல் வந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் எங்கே கெட்டுவிடுமோ என்கிற மாதிரி அடிக்குரலில் பேசினாள்.

“தொறந்துட்டா. ஜெனி வாயத் தொறந்துட்டா. ஒரு வாய் வாங்கிக்கினா.”

தேவானந்தம் எழுந்திருக்கப் பார்த்தார்.

“எழுந்துக்காதீங்க,” என்றாள் அவள். “இன்னொரு வாய் வாங்குங்க. அவ ஒங்களத்தான் பாத்துக்கினு இருக்கா.”